சாரல் காற்றில் கலக்கும் மருந்து

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் கண் மேற்கே போய்விடும். மலை முகட்டில் மேகம் இறங்கியிருக்கிறதா, காற்று செங்கோட்டைப் பக்கமிருந்து கிளம்பிவிட்டதா என்பதுதான் அந்த மாதத்துப் பேச்சு. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, ஆரியங்காவு கணவாய் வழியாகத் தாண்டி வரும்போது மெல்லிய சாரலாகிவிடுகிறது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதே சாரல் ஒரு கணக்கு. எந்த நேரத்தில் வெயில் வரும், எத்தனை மணி நேரம் நிற்கும், அதற்குள் மருந்து அடித்து முடிக்க முடியுமா என்ற கணக்கு.

அந்தக் கணக்கில்தான் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பூச்சிக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று, இலைக்கு நுண்ணூட்டம் ஒன்று, காய் பிடிக்க ஒன்று, எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கலக்கி ஒரே வெயிலில் அடித்து முடித்துவிடுவது. ஆள் கூலி மிச்சம், டீசல் மிச்சம், மழைக்கு முந்தியாயிற்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க, அருவிக்கரையிலிருந்து எலுமிச்சைக் காடுகள் வரை ஒரு சுற்றுப் போய்வரலாம்.

பழத்தோட்டத்தின் பெயரில் ஓர் அருவி

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று பெயர் சொல்லிக்கொண்டே போனால், பழத்தோட்ட அருவி என்று ஒன்று வரும். தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டத்தை ஒட்டி விழுவதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டில் மங்குஸ்தான் காய்க்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீலகிரிச் சரிவில் பர்லியாறும் கல்லாறும், தெற்கே இந்தக் குற்றாலச் சரிவும் அவற்றில் முக்கியமானவை. சீசன் நேரத்தில் அருவிச் சாலைக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று குவித்து வைத்திருப்பார்கள். கேரளத்திலிருந்து வந்து இறங்குவதும் அதில் உண்டு.

மரங்கள் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மலைச்சரிவில் விழும் நீர் அருவியாக இறங்கிச் சிற்றாறு ஆகிறது. சிற்றாறு தென்காசியைத் தாண்டிக் குளங்களை நிரப்பிக்கொண்டே கிழக்கே போய், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மேலே மரத்தில் அடிக்கிற மருந்தில் இலையில் ஒட்டாமல் வழிவதும், அடித்த ஒரு மணி நேரத்தில் சாரல் கழுவிவிடுவதும் இந்த வழியாகத்தான் இறங்கும். கீழே குளத்தில் மாடு தண்ணீர் குடிக்கும், மீன் வளரும், அந்தக் குளத்துத் தண்ணீரே நெல்லுக்கும் பாயும். மலையடிவாரத்தில் மருந்துக் கலவை சொந்தத் தோட்டத்து விஷயமாக மட்டும் நிற்பதில்லை.

பண்பொழி, வடகரை, மேக்கரை பக்கம் போனால் மலையை ஒட்டி மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தொடரும். அங்கிருந்து வடக்கே கடையநல்லூர் தாண்டிப் புளியங்குடி வந்துவிட்டால் எலுமிச்சையின் ராஜ்ஜியம்.

எலுமிச்சை ஊரின் கவலை

புளியங்குடியை எலுமிச்சை நகரம் என்றே சொல்லுவார்கள். இங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கேரளச் சந்தைக்கு எலுமிச்சை போகிறது. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் கிடைத்த பிறகு பொறுப்பும் கூடுகிறது. ஊர்ப் பெயரோடு விற்கிற காயில் மருந்து எச்சம் இருந்தால், கெடுவது ஒரு விவசாயியின் பெயர் மட்டும் அல்ல.

எலுமிச்சை மரம் துளிர் விடும்போதுதான் எல்லாப் பிரச்சினையும் ஒன்றாக வருகின்றன. இளந்துளிரில் இலைத்துளைப்பான் வெள்ளிக் கோடு போட்டதுபோல வளைந்து வளைந்து சுரங்கம் தோண்டும். அந்தக் காயத்தின் வழியே சொறி நோய்க் கிருமி நுழையும். சாரல் ஈரம் அதைப் பரப்பும். அதே துளிரில்தான் துத்தநாகப் பற்றாக்குறையும் தெரியும். இலை சிறுத்து, குறுகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவில் மஞ்சள் பாயும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எலுமிச்சைக்குத் துத்தநாக சல்பேட்டை 0.5 சதக் கரைசலாக, மார்ச், ஜூலை, அக்டோபர் என வருடத்துக்கு மூன்று முறை, புதுத்துளிர் வந்த பிறகு தெளிக்கச் சொல்கிறது. 100 லிட்டருக்கு 500 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 1 கிலோ.

இதில் ஜூலைத் தெளிப்பு சரியாகச் சாரல் காலத்தில் வந்து விழுகிறது. பூச்சியும் அந்தத் துளிரில், நோயும் அந்தத் துளிரில், சத்துக் குறைவும் அந்தத் துளிரில், வெயிலோ அரை நாள். கடைக்குப் போகிறவர் கேட்பது வழக்கமாக இப்படித்தான் இருக்கும்:

"அண்ணாச்சி, எலுமிச்சையில துளிர் பூரா சுருளுது, இலையும் மஞ்சளாக் கெடக்கு. மழைக்கு முந்தி ஒரே அடியா அடிக்கிற மாதிரி குடுங்க."

கடைக்காரர் நாலு பாட்டில், இரண்டு பாக்கெட் எடுத்து வைப்பார். "டேங்குக்கு இதுல ரெண்டு மூடி, அதுல ஒரு மூடி" என்று சொல்லுவார். எது எதோடு சேரும், எது சேராது என்ற பேச்சே வராது.

டிரம்முக்குள் நடப்பது

துத்தநாக சல்பேட்டையும் கரையும் உரமான 19:19:19 அல்லது 12:61:0-வையும் ஒன்றாகக் கரைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் பால்போலக் கலங்கும். உரத்தில் உள்ள பாஸ்பேட் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகிவிடுகிறது. அது விசைத்தெளிப்பானின் முனையை அடைக்கும். அடைக்காமல் போனாலும் இலைக்குள் போகாது. இரண்டுக்கும் கொடுத்த காசு அடியில் வண்டலாகத் தங்கிவிடும்.

கால்சியம் நைட்ரேட் இதைவிடக் கறாரான ஆள். சல்பேட் உள்ள எதனோடும், பாஸ்பேட் உள்ள எதனோடும் சேராது. துத்தநாக சல்பேட், மெக்னீசியம் சல்பேட், மாங்கனீசு சல்பேட் எதைப் போட்டாலும் ஜிப்சம்போல வெள்ளையாகத் திரளும். கால்சியம் தர வேண்டுமென்றால் அதைத் தனி நாளில் தருவதே நல்லது.

துத்தநாக சல்பேட் கரைசல் புளிப்புத் தன்மை உள்ளது. இளந்துளிர் கருகாமல் இருக்க அதில் பாதி அளவு நீர்த்த சுண்ணாம்பு சேர்க்கிற பழைய முறை உண்டு. அது நல்ல முறைதான். ஆனால் சுண்ணாம்பு சேர்ந்தால் கரைசல் காரத்தன்மைக்குத் திரும்பும். காரத்தில் பல பூச்சிமருந்துகள் உடையும். டைமெத்தோயேட், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் நல்ல காரத் தண்ணீரில் சில மணி நேரத்திலேயே வீரியம் இழந்துவிடும். ஆகவே சுண்ணாம்பு போட்ட துத்தநாகக் கரைசலோடு பூச்சிமருந்து சேர்க்கக் கூடாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவைக்கும் இதே விதி.

தாமிர மருந்துகள் எதிர்ப்பக்கம் கெடுபவை. காப்பர் ஆக்சிகுளோரைடை அதிகப் புளிப்பான கரைசலில் கலந்தால் தாமிரம் தேவைக்கு மேல் கரைந்து, இலையும் இளங்காயும் கருகும். சொறி நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பதானால் அதை மட்டும் தனியாக அடிப்பதுதான் மரத்துக்கு நல்லது.

மாந்தோப்பில் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் அடிப்பார்கள். தத்துப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிப்பார்கள். இரண்டும் நல்ல மருந்துகள், ஒன்றாகச் சேர்ந்தால் இலையைச் சுட்டுவிடும். ஒரே டேங்கில் மட்டும் அல்ல, ஒன்றை அடித்து மூன்று வாரம் ஆகாமல் மற்றதை அடிப்பதும் ஆபத்து. வெயில் கடுமையாக இருக்கும் நாளில் கந்தகம் தனியாகவே இலையைக் கருக்கும்.

சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, பிவேரியா போன்றவை உயிருள்ள மருந்துகள். அவற்றைத் தாமிரத்தோடோ பூஞ்சாணக் கொல்லியோடோ கலப்பது விதை நெல்லை அவித்து விதைப்பதற்குச் சமம்.

யூரியாவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அதில் பையூரெட் என்ற பொருள் சிறிதளவு இருக்கும். உரச் சட்டம் 1.5 சதம் வரை அனுமதிக்கிறது. மண்ணில் போடும்போது பெரிதாகத் தெரியாது. எலுமிச்சை இனத்து இலைக்கு அது ஒத்துக்கொள்ளாது. அடிக்கடி யூரியா தெளித்த மரத்தில் இலை நுனி மஞ்சளாவதைப் பார்த்து, சத்துக் குறைவு என்று எண்ணி இன்னும் யூரியா அடிக்கிற தோட்டங்களும் உண்டு.

பெயர் இரண்டு, மருந்து ஒன்று

கலவையில் கண்ணுக்குத் தெரியாத தவறு இன்னொன்று இருக்கிறது. கடையில் தந்த இரண்டு பாட்டிலிலும் வேறு வேறு பெயர், வேறு வேறு படம். பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப் பெயரைப் படித்தால், ஒன்றில் இமிடாகுளோப்ரிட், மற்றதில் தயாமீத்தாக்சம் என்றிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், பூச்சியின் உடலில் ஒரே இடத்தில் தாக்குபவை. இரண்டையும் சேர்ப்பது ஒன்றை இரட்டிப்பு அளவில் அடிப்பதுதான். பூச்சி சீக்கிரம் பழகிக்கொள்ளும், தேனீ சீக்கிரம் சாகும்.

இரண்டு மருந்தைக் கம்பெனியே கலந்து விற்கும் பாட்டில்களும் உண்டு. புரோபெனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த மருந்து அப்படிப்பட்டது. அது தெரியாமல் கூடவே தனிச் சைபர்மெத்ரின் ஒரு மூடி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலின் பொதுப் பெயரைப் படிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம்.

தண்ணீருக்கும் குணம் உண்டு

மலையடி ஓடைத் தண்ணீரில் உப்பு குறைவு. கிழக்கே கரிசலும் செம்மண்ணும் சேரும் பக்கங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் காரமும் கூடுதல். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிற தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், மருந்துக்கும் ஏற்ற தண்ணீர் அல்ல. மேக்கரையில் ஒருவருக்குப் பலித்த கலவை சங்கரன்கோவில் பக்கம் திரிந்துபோவதற்கு இதுவும் காரணம். பாசன நீரை மண் ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்து, அதன் கார அமில நிலையைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எப்படிப்பட்ட தண்ணீராக இருந்தாலும், கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. மழை வந்துவிட்டதென்று டிரம்மை மூடி வைத்து அடுத்த நாள் அடிப்பது சாரல் காலத்தில் சகஜம். அந்த மருந்துக்குப் பூச்சி சாகவில்லை என்றால் குற்றம் பூச்சியின் மேல் இல்லை.

கலந்தே ஆக வேண்டுமென்றால்

கலப்பதே பாவம் என்று சொல்வதற்கில்லை. ஒரு பூச்சிமருந்தும் ஒரு நுண்ணூட்டமும் ஒத்துப்போனால், இரண்டுக்கும் அப்போது உண்மையிலேயே தேவை இருந்தால், சேர்த்து அடிப்பதில் லாபம் உண்டு. முதலில் லேபிளையும் கூட வரும் துண்டுத்தாளையும் பார்க்க வேண்டும். எதோடு சேரக் கூடாது என்று அதில் போட்டிருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. போடாவிட்டால் பாட்டில் சோதனை செய்து பார்க்கலாம்.

தெளிக்கப் பயன்படுத்தும் அதே தண்ணீரை 1 லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, டேங்கில் போடும் அதே விகிதத்தில், அதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குலுக்கி, அரை மணி நேரம் வைக்க வேண்டும். திரிந்தால், வண்டல் தங்கினால், மேலே எண்ணெய் மிதந்தால், பாட்டில் சூடானால் அந்தக் கலவை வேண்டாம். எதுவும் ஆகவில்லை என்றால் இரண்டு மூன்று கிளையில் மட்டும் தெளித்து, நாலைந்து நாள் இலையைப் பார்த்த பிறகே தோட்டம் முழுவதும் அடிக்க வேண்டும். பாட்டிலில் ஒத்துப்போவது இலையில் ஒத்துப்போகும் என்று உறுதி இல்லை. சோதித்த பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

கலக்கும் வரிசை இது:

1. டிரம்மில் பாதித் தண்ணீர்.
2. தூள், குருணை மருந்துகள், தனி வாளியில் கரைத்து வடிகட்டியது.
3. கூழ்போல இருக்கும் எஸ்.சி. வகை மருந்து.
4. தண்ணீரில் விட்டால் வெள்ளையாகும் ஈ.சி. வகை மருந்து.
5. தண்ணீரில் தெளிவாகக் கரையும் எஸ்.எல். வகை மருந்து.
6. தனியே கரைத்து வடித்த நுண்ணூட்டம்.
7. கடைசியில் ஒட்டும் திரவம், மீதித் தண்ணீர்.

இது எல்லாவற்றையும் போடச் சொல்லும் பட்டியல் அல்ல. கையில் இருக்கும் இரண்டு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதற்கான பட்டியல். ஒவ்வொன்றும் நன்றாகக் கலந்த பிறகே அடுத்தது. பாட்டில் மருந்துகளைத் தண்ணீர் விடாமல் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. மூடிக் கணக்கை விட்டுவிட்டு மில்லி அளக்கும் குவளை வைத்துக்கொள்ள வேண்டும். மூடி கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பல நேரம் கலவைக்கே தேவை இருக்காது. நன்கு வளர்ந்த எலுமிச்சை மரம் இலைத்துளைப்பானை ஓரளவு தாங்கும். நட்டு மூன்று நான்கு வருடத்துக்குள் இருக்கும் கன்றுகளுக்குத்தான் அதனால் வளர்ச்சி கெடும். துளிர் வரும் நேரத்தில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் அடித்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் துத்தநாகம் அடித்தால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும். எலுமிச்சைக்கென்றே வன்னிக்கோனேந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருண்ட இலையும் மஞ்சள் இலையுமாக நாலைந்து கொத்தைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டினால், நாலு பாட்டில் வாங்கும் செலவு மிச்சமாகலாம்.

அடிக்கிறவரின் உடம்பு

மரத்துக்கு அடிக்கிற மருந்து வயலுக்கு அடிப்பதைப் போல அல்ல. தலைக்கு மேலே பீய்ச்ச வேண்டும். பாதி மருந்து காற்றோடு திரும்பி அடிக்கிறவரின் முகத்திலும் கழுத்திலும்தான் இறங்கும். ஆடிக் காற்றில் சொல்லவே வேண்டாம்.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வருடம் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது, மருந்து முகத்துக்கு நேரே வந்தது. பல மருந்துகளைக் கலந்து அடித்ததும் பாதுகாப்பு உடை இல்லாததும் காரணங்களாகப் பேசப்பட்டன. இறந்தவர்களில் கூலிக்கு மருந்து அடிக்கப் போனவர்களும் இருந்தார்கள். தலைக்கு மேல் தெளிக்கும் எந்தத் தோட்டத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

விஷம் ஏறி மயங்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து?" ஒரு மருந்தென்றால் பதில் இருக்கிறது. பெயர் தெரியாத நாலு மருந்து கலந்ததென்றால் எதற்கு முறிவு கொடுப்பது? மருந்து அடிக்கும் நாளில் காலிப் பாட்டில்களையும் பாக்கெட்டுகளையும் அன்று மாலை வரை தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்திருக்க வேண்டும். 108-க்குப் போன் செய்யும்போதே அந்தப் பையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறம் சிவப்பென்றால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான்.

முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் ஆளைத் தோட்டத்தில் இறக்கக் கூடாது. காற்றுக்கு முதுகு காட்டி, காற்று அடங்கிய காலை நேரத்தில் அடிக்க வேண்டும். பூத்திருக்கும் மரத்தில் தேனீ மேயும் நேரத்தில் அடிக்கக் கூடாது. தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை ஓடையிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள் ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. இரண்டு கலந்தால் அதில் நீளமான நாளே கணக்கு. வாராவாரம் காய் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் எலுமிச்சைக்காரர்கள் இதை முதலில் பார்த்துவிட்டுத்தான் மருந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மருந்து வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் மருந்தின் பொதுப் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மரம் கருகிப்போனால் பேசுவதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. எதை எதோடு கலக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், டிரம்மில் தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, 1800-180-1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மைய எண்ணிலோ தமிழிலேயே கேட்கலாம். சாரல் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு விடும். ஒரு நாள் தள்ளி அடிப்பதால் மரம் சாகாது.